அச்சே வாள் சேகரிக்கத் தொடங்குகிறீர்களா? பெயர் வைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தோனேசியாவின் அச்சே பகுதியைச் சேர்ந்த வாள் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "இதுக்குப் பேர் என்ன?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். யாரோ ஒரு பெயர் சொன்னார்கள், அதை ஒரு சீட்டில் எழுதி உறையில் கட்டி வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து அந்தப் பெயர் தப்பு என்று தெரிந்தது. அதற்குள் அந்த வாளை நான் தேய்த்துப் பளபளப்பாக்கி, அலகின் முதுகருகே மங்கலாக இருந்த சின்னச் சின்னப் புள்ளிக்குத்துகளைப் பாதிக்கு மேல் அழித்திருந்தேன். அவை எத்தனை இருந்தன, எந்த வரிசையில் இருந்தன என்று தேய்ப்பதற்கு முன் ஒரு தாளில் குறித்திருந்தால் கூடப் போதும், பெயர் தப்பாக இருந்தாலும் தகவல் பிழைத்திருக்கும். அதனால் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் முறை ஒன்றே ஒன்றுதான்: முதலில் பாருங்கள், அளந்து எழுதுங்கள், பெயரைக் கடைசியில் வையுங்கள், அதையும் பென்சிலால் எழுதுங்கள்.

நான் பினாங்கில் இருக்கிறேன். எங்கள் ஊரில் லெபு அச்சே என்று ஒரு தெரு இருக்கிறது, அங்கே 1808-இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. அச்சேயோடு மிளகு வியாபாரம் செய்த காலத்து இடம் அது. அதைத் தாண்டித் தாண்டிப் போனதில்தான் எனக்கு இந்த ஆர்வம் வந்தது. தமிழில் இதைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்தான் கண்ணில் படுகிறது, அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஊரும் காலமும்

அச்சே என்பது சுமத்ரா தீவின் வடமுனை. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் "கலாமுதிர் கடுந்திறல் இலாமுரி தேசமும்" என்று வருகிறதே, அந்த இலாமுரி அச்சேயின் தலைநகரான இன்றைய பண்டா அச்சேயை ஒட்டிய பகுதிதான். பண்டா அச்சேயில் நெயுசு என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் நம் ஆட்கள் சிலர் அச்சே வாளில் சோழர் அடையாளம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாம். நம் கைக்கு வரக்கூடிய வாள்களில் மிகப் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. அந்தக் காலத்தில் அச்சேயில் நடந்தது ஒரு நீண்ட போர்.

1873 மார்ச் 26 அன்று டச்சுக்காரர்கள் அச்சே சுல்தானகத்தின் மீது போர் அறிவித்தார்கள். முதல் படையெடுப்பின் தளபதி கோலர் அடுத்த மாதமே, ஏப்ரல் 14 அன்று, பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் வளாகத்தில் சுடப்பட்டுச் செத்தார். 1903-இல் சுல்தான் முகம்மது தாவுத் ஷா சரணடைந்த பிறகும் சண்டை ஓயவில்லை, இன்னும் பத்து வருடம் போல இழுத்தது. பண்டா அச்சேயில் இருக்கும் பெயுசுத் கல்லறைத் தோட்டத்தில் டச்சுப் படையைச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அச்சே தரப்பில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மலைப்பகுதியில் மட்டும் ஒன்று சொல்கிறேன்: 1904 ஜூன் 14 அன்று ஆலாஸ் பகுதியின் கூத்தா ரே கிராமத்தில் டச்சு அதிகாரி வான் டாலனின் படை ஒரே நாளில் 561 பேரைக் கொன்றது, அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு.

ஏன் இதை ஒரு வாள் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், இன்று ஐரோப்பியச் சந்தையில் வரும் அச்சே வாள்களில் பல அந்தப் படையினரின் பெட்டிகளில் போனவை. போர்க்களத்தில் எடுத்தது, வீட்டைச் சோதித்துப் பறித்தது, சரணடைந்தவர்களிடம் வாங்கி வைத்தது, சில சமயம் பரிசாகவோ விலைக்கோ கிடைத்தது. எந்த வழியாக வந்தது என்பது அலகைப் பார்த்தால் தெரியாது. கூட வரும் ஒரு கடிதத்திலோ, உறையில் ஒட்டிய பழைய காகிதச் சீட்டிலோதான் தெரியும். அந்தச் சீட்டை அழுக்கு என்று சுரண்டி எறிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாளை விட அந்தச் சீட்டு மறுபடி கிடைக்காத பொருள்.

எது அச்சே வாள், எது இல்லை

நிறையப் பெயர்கள் சுற்றுகின்றன. தொடக்கத்தில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று சிகின் பாஞ்சாங். அச்சே மொழியில் பான்யாங். சிகின் என்பது கத்திக்கான அரபுச் சொல்லிலிருந்து வந்தது, பாஞ்சாங் என்றால் நீளம். ஆக, நீளக் கத்தி. நேரான அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், ஒடுக்கமாக, கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் ஓடும். கைக்குக் குறுக்கே காப்பு எதுவும் கிடையாது. கையில் எடுத்தால் எதிர்பார்த்ததை விட லேசாக இருக்கும். அச்சே வாள் என்று சொன்னால் பழகியவர்கள் மனதில் முதலில் வருவது இதுதான்.

இன்னொன்று பெடெங். மலாய்மொழியின் பெடாங் தான், அச்சே உச்சரிப்பில் இப்படி. இது வளைந்த வாள். இந்தியா, அரபு நாடுகள், துருக்கி, ஐரோப்பா எல்லாப் பக்கத்துச் சாயலும் இதில் உண்டு. சில பெடெங்குகளின் பிடி நம் வட இந்தியத் தல்வார் போலவே உச்சியில் வட்டத் தட்டோடு இருக்கும். சுல்தானகத்தின் கொடிக்கே ஆலம் பெடெங் என்று பெயர், பிறையும் நட்சத்திரமும் வாளும் சிவப்புத் துணியில். அதனால் இதை வெறும் இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்க முடியாது.

இவை போக, உள்மலையில் காயோ, ஆலாஸ் மக்களின் வாள்கள் இருக்கின்றன. காயோ மொழியில் கத்திக்கு லுஜு என்று பெயர். அமன்ரெமு என்று ஒன்று உண்டு, பிடியருகே குறுகி முனையை நெருங்க நெருங்க அகலும் அலகு. இவற்றை அச்சே மாநிலத்து வாள் என்று சொல்லலாம், ஆனால் கரையோர அச்சே மக்களின் வாள் என்று எழுதக் கூடாது. காயோக்காரர்களுக்குத் தனி மொழி, தனிக் கைவேலை. விற்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பேரில் அடைத்துவிடுவார்கள், நாம் அடைக்க வேண்டாம்.

ரெஞ்சோங் குத்துவாள், வாள் அல்ல. அச்சேயின் அடையாளமாக எல்லா நினைவுப்பொருள் கடையிலும் தொங்குவது அதுதான். அதன் வடிவத்தில் பிஸ்மில்லா என்ற எழுத்துக்கோர்வையைப் பார்ப்பது அங்குள்ள வழக்கம். அது தனி உலகம், இங்கே தொடவில்லை.

அப்புறம் கிளெவாங். இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது, நானும் ஒரு முறை பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இந்தோனேசியத் தீவுகள் பலவற்றிலும் ஒருபக்கக் கூருள்ள வாள்களைப் பொதுவாகக் கிளெவாங் என்பார்கள். ஆனால் விற்பனைக்கு வரும் பல கிளெவாங்குகள் டச்சுப் படைக்கென்றே ஆலையில் செய்தவை. அச்சேயில் நெருக்கச் சண்டைக்காக 1890-இல் மாரெசௌசே என்ற தனிப்படையை அமைத்தார்கள், அவர்களுக்குத் துப்பாக்கியோடு கிளெவாங்கும் ஆயுதம். 1898 மாதிரி என்று ஒரு படைக்கல வடிவமே வந்தது. விரல்களை மூடும் இரும்புத் தகட்டுக் காப்பு, மரப்பிடியில் ஆணி, அலகில் ஹெம்ப்ருக் என்ற ஆலைப் பெயர் இருந்தால் அது டச்சு அரசின் வாள். இரண்டாம் உலகப் போரில் டச்சுக்காரர்களுக்காக அமெரிக்காவில் மில்ஸ்கோ என்ற முத்திரையோடு செய்தவையும் இருக்கின்றன. அச்சே போரின் வரலாற்றில் இதற்கும் இடம் உண்டு, சேகரிப்பவர்கள் சேகரிக்கட்டும். ஆனால் அது அச்சேக்காரன் பிடித்த வாள் அல்ல, அவனை வெட்டிய வாள். அந்த வித்தியாசம் உங்கள் சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

உறையிலிருந்து எடுப்பது

இதற்கு ஒரு தனித் தலைப்பா என்று நினைக்காதீர்கள். இந்த உறைகள் பெரும்பாலும் இரண்டு மெல்லிய மரப்பலகைகளைச் சேர்த்துப் பிரம்பாலோ உலோகப் பட்டையாலோ கட்டியவை. நூறு வருடத்தில் கட்டு தளர்ந்து, ஓரம் விரிந்திருக்கும். நாம் உறையைச் சுற்றி விரல்களை வளைத்துப் பிடித்துக்கொண்டு வாளை இழுத்தால், விரிந்த ஓரம் வழியாகக் கூர் நம் விரலைத் தேடி வரும். அதனால் உறையை அதன் முதுகுப் பக்கத்திலிருந்து, கட்டைவிரலும் மற்ற விரல்களும் பக்கவாட்டில் மட்டும் படும்படி பிடியுங்கள், கூர்ப் பக்கத்தில் எதுவுமே இருக்கக் கூடாது. வாளின் முதுகு உறையின் முதுகில் உரசியபடி மெல்ல வெளியே வரட்டும். திருப்பிச் செருகும்போதும் அப்படியே. வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உள்ளே துரு கடித்திருக்கும். முறுக்கினால் உறை பிளக்கும், பிடியும் கழன்று வந்துவிடும்.

பிடி ஏன் கழலும் என்றால், அலகின் அடியில் ஒரு மெல்லிய வால் இருக்கும், அதைப் பிடியின் துளைக்குள் நுழைத்து அரக்கு மாதிரியான மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பிசின் காய்ந்து நொறுங்கியிருக்கும். பிடி ஆடினால் பயப்பட வேண்டாம், பசை ஊற்றவும் வேண்டாம். ஆடுகிறது என்று எழுதிவையுங்கள். தீயில் காட்டிக் கழற்றிப் பார்க்கும் வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள், கொம்பு சூட்டில் வளைந்துவிடும்.

மூன்று பொருள்களாகப் பாருங்கள்

அலகு, பிடி, உறை. இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல அலகுக்குத் தலைமுறைக்கு ஒரு புதுப் பிடி போட்டிருக்கலாம். உறை உளுத்துப்போய் வேறு செய்திருக்கலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த அலகை அச்சேயில் வாங்கி உள்ளூர்ப் பிடி போட்ட பெடெங்குகள் உண்டு, அவை போலி அல்ல, அப்படித்தான் அந்தத் துறைமுகச் சமூகம் வாழ்ந்தது. ஆனால் போன மாதம் ஒரு வியாபாரி தன்னிடம் கிடந்த அலகையும் வேறொரு பிடியையும் சேர்த்திருந்தால் அது வேறு விஷயம். இரண்டையும் பிரிப்பது சேருமிடம்தான். பூண், அதாவது பிடியும் அலகும் சேரும் இடத்து உலோக வளையம், அலகின் அடியோடு பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா, இடைவெளியில் பழைய அழுக்கு இருக்கிறதா, புதுப் பசை மினுங்குகிறதா? உறையின் வாய் அலகின் அகலத்துக்குச் சரியாக இருக்கிறதா, உள்ளே ஒரு சென்டிமீட்டர் ஆடுகிறதா? ஒரு சின்ன டார்ச் போதும்.

பிடிதான் அதிகம் பேசும். அச்சே மக்கள் பிடிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அவர்கள் வீட்டைச் சுற்றியே எடுத்தவை. தும்பாங் ஜிங்கி என்று ஒன்று: உச்சி இரண்டாகப் பிளந்து கவை போல விரியும். ஜிங்கி என்பது காலால் மிதித்து நெல் குத்தும் மரம், அதைத் தாங்கும் கவட்டுக் கட்டையின் வடிவம் இது. தாப்பா குடா என்றால் குதிரைக் குளம்பு. இக்கு மி என்றால் பூனை வால். அந்தப் பெயர்களைப் படித்த பிறகு பிடியைப் பார்த்தால் ஒரு வீட்டு முற்றமே தெரியும். ஆனால் நீங்கள் எழுதும்போது வடிவத்தை முதலில் எழுதுங்கள், "உச்சி இரு கவையாகப் பிரிகிறது, வலக்கவை இடக்கவையை விட 4 மி.மீ. நீளம்" என்று. பெயரில் ஊருக்கு ஊர் குழப்பம் உண்டு, நான்கு மில்லிமீட்டரில் குழப்பம் வராது.

பிடி எதனால் ஆனது என்பதில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் எருமைக் கொம்பு, அல்லது மரம். கறுப்பாக, உள்ளே மெல்லிய இழைகள் ஓடினால் கொம்பு. வெளுப்பாக இருந்தால் எல்லோரும் உடனே தந்தம் என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்னக் கருநிறத் துளைகளும் கோடுகளும் தெரிந்தால் எலும்பு. யானைத் தந்தத்தில் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் வலை போலத் தெரியும். தெரியவில்லை என்றால் "வெளிர்நிறப் பொருள்" என்று எழுதினால் போதும், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பெரிய குடும்பத்து வாள்களில் பிடியின் உச்சியிலும் பூணிலும் தங்கமும் சுவாசாவும் இருக்கும். சுவாசா என்பது தங்கமும் செம்பும் கலந்த உலோகம், இளஞ்சிவப்பு சாயல் அடிக்கும். அதன் மேல் மெல்லிய கம்பி வேலையும் பச்சை, நீல எனாமலும் அச்சேத் தட்டார்களின் பெருமை. இந்த வேலையை நீங்கள் நேரில் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். படத்தில் அந்தப் பச்சை வரவே வராது.

அளவெடுப்பது: என் மேஜையில் இருக்கும் ஒன்றை வைத்து

தையல் டேப், ஒரு வெர்னியர், சமையலறைத் தராசு. இவ்வளவுதான் வேண்டும். நான் ஒரு சிகின் பாஞ்சாங்கை எப்படி எழுதினேன் என்று அப்படியே தருகிறேன்.

"மொத்த நீளம் பிடியோடு 76.5 செ.மீ. அலகு, பூணின் விளிம்பிலிருந்து முனை வரை நேர்கோட்டில், 61.8 செ.மீ. அகலம் அடியில் 27 மி.மீ., நடுவில் 26, முனைக்கு 5 செ.மீ. முன்னால் 21. முதுகின் கனம் அடியில் 8 மி.மீ., நடுவில் 5.5, முனையருகே 3. எடை உறையில்லாமல் 520 கிராம். விரலில் நிறுத்தினால் பூணிலிருந்து 11 செ.மீ. தள்ளி நிற்கிறது. முதுகு நேர், கடைசி 4 செ.மீ.யில் கூர்ப்பக்கம் மேலேறி முதுகைத் தொடுகிறது. இரு பக்கமும் முதுகை ஒட்டி மூன்று ஓடைகள் (நீளவாட்டுப் பள்ளங்கள்), அடியில் தொடங்கி நடுவுக்குச் சற்று முன்னால் முடிகின்றன. இடப்பக்க நடு ஓடை கடைசியில் லேசாக விலகிப் போகிறது, கையால் சுரண்டியது என்று தெரிகிறது. கூரில் முனையிலிருந்து 19 செ.மீ.யில் ஒரு பல் விழுந்திருக்கிறது, ஆழம் 1 மி.மீ., பல்லின் உட்புறமும் அலகைப் போலவே கறுத்திருக்கிறது. பிடி கருங்கொம்பு, கவை வடிவம், இடக்கவையில் பூச்சி அரித்த ஆறு துளைகள். பூண் பித்தளை, ஒரு பக்கம் பற்றவைத்த கோடு. உறை மரம், ஐந்து பிரம்புக் கட்டுகள் இருந்திருக்கின்றன, மேலிருந்து இரண்டாவது இல்லை, அந்த இடத்தில் மரம் வெளுத்திருக்கிறது."

இதில் நான் எங்கும் பழமையானது, அரியது, அழகானது என்று எழுதவில்லை பாருங்கள். ஆனால் அந்தப் பல் பற்றி எழுதினேன். உட்புறம் கறுத்திருக்கிறது என்றால் அது இன்று நேற்று விழுந்ததல்ல. போரில் விழுந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை, விறகு வெட்டும்போதும் விழுந்திருக்கலாம். கறுத்திருக்கிறது என்பது வரைதான் என் சாட்சியம். அந்த வெளுத்த இடமும் அப்படித்தான்: பிரம்பு பல வருடம் அங்கே இருந்து, அப்புறம் போயிருக்கிறது. உறைக்கு ஒரு வயது உண்டு என்பதற்கு அது போதும்.

வளைந்த பெடெங் என்றால் ஒரு அளவு கூடுதல்: அடிக்கும் முனைக்கும் ஒரு நூலைக் கட்டி இழுத்து, நூலுக்கும் முதுகுக்கும் நடுவில் மிக அதிகமான இடைவெளி எவ்வளவு என்று குறியுங்கள்.

படம் எடுப்பதற்கு ஃபோன் போதும். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலருகே, வெயில் நேராக விழாத இடத்தில், சாம்பல் நிறத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் வைத்து எடுங்கள். இரண்டு பக்கமும் முழுதாக, முதுகை மேலிருந்து, பிடியை நான்கு பக்கமும், பூண் சேருமிடம், முனை, உறையின் வாய். முதுகுப் படத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அலகு அடியிலிருந்து முனைக்கு எப்படி மெலிகிறது என்பது அதில்தான் தெரியும், கொல்லனின் கை அங்கேதான் இருக்கிறது.

பழையதா, புதியதா

அச்சேயில் இன்றும் வேலை நடக்கிறது. அச்சே பெசார் மாவட்டத்தில் சிப்ரே பக்கம் பாயெத் கிராமத்தில் ரெஞ்சோங் செய்யும் குடும்பங்கள் பல இருக்கின்றன. புதிதாகச் செய்ததைப் புதிது என்று சொல்லி விற்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வாங்குவதும் நல்லதே, அந்தக் கைவேலை பிழைக்கும். பிரச்சினை புதியதைப் பழையது என்று விற்பவர்களிடம்.

புது அலகு பெரும்பாலும் அடியிலிருந்து முனை வரை ஒரே கனமாக இருக்கும், பட்டை இரும்பிலிருந்து வெட்டியதால். பழையது நான் மேலே சொன்ன மாதிரி மெலிந்துகொண்டே போகும். அமிலத்தில் முக்கிய புதுத் துரு செம்மண் நிறத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி பூத்திருக்கும். காலத்தின் கறை அப்படி வராது, கை படும் இடத்தில் ஒரு மாதிரி, உறைக்குள் இருந்த இடத்தில் ஒரு மாதிரி இருக்கும். பிடியில் உள்ளங்கை படும் இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், செதுக்கலின் பள்ளத்தில் அழுக்கு இறுகியிருக்க வேண்டும். எல்லா இடமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கிரிஸ் என்ற மலாய், ஜாவா குத்துவாளைச் சேகரித்தவர்கள் உடனே பாமோர் கோலங்களை, அதாவது அலகின் உலோகத்திலேயே தெரியும் கோலங்களை, தேடுவார்கள். சிகின் பாஞ்சாங்கில் பெரும்பாலும் அது இருக்காது, அலகு வெறுமையாகத்தான் இருக்கும். அதைக் குறை என்று நினைத்து அமிலம் ஊற்றிக் கோலம் வரவழைக்க முயலாதீர்கள்.

முத்திரை இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் வரைந்துகொள்ளுங்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பின்னல் எழுத்து முத்திரை சில அலகுகளில் வரும். அந்தக் கம்பெனி 1799-இல் முடிந்துபோனது, ஆனால் முத்திரையைப் பிற்பாடு யாரும் அடிக்கலாம், அடித்திருக்கிறார்கள். முத்திரையின் பள்ளத்துக்குள் உலோகம் அலகின் மற்ற இடத்தைப் போல் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அரபு எழுத்தோ எண்ணோ இருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். வருடம் இருந்தால் இஸ்லாமிய ஹிஜ்ரி வருடம் என்பதை மறக்காதீர்கள், 1290 என்று இருந்தால் அது போர் தொடங்கிய 1873-ஐ ஒட்டிய காலம்.

தேடும்போது எழுத்துகள்

இது சின்ன விஷயம், ஆனால் இது தெரியாமல் நான் ஒரு வருடம் வீணடித்தேன். பழைய டச்சுப் பதிவுகளில் உகர ஒலியை ஓ, ஈ (oe) என்ற இரண்டு ரோமன் எழுத்துகளால் எழுதியிருப்பார்கள். சகர ஒலிக்கு டி, ஜே (tj). அதனால் அச்சே என்பதே அங்கே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும், லுஜுவும் அப்படியே. இந்தோனேசியாவில் 1947-இல் உகரத்தை மாற்றினார்கள், 1972-இல் மற்றதை. ஆக, அருங்காட்சியகத் தளங்களில் தேடும்போது பழைய எழுத்து, புதிய எழுத்து இரண்டிலும் தேடுங்கள், ஒன்றில் நான்கு படம் வந்தால் இன்னொன்றில் நாற்பது வரும்.

எங்கே தேடுவது? நெதர்லாந்தில் லைடன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களின் வேரல்ட் மியூசியத் தொகுப்பு முக்கியம். ஆம்ஸ்டர்டாம் தொகுப்பில் ஸ்டாம்மெஸ்ஹவுஸ் என்பவர் அச்சேயில் இருந்தபோது சேர்த்தவை இருக்கின்றன. பண்டா அச்சே அருங்காட்சியகம் 1915-இல் தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொண்ட முதல் ஆள் இவர்தான். ஆர்ன்ஹெமில் பிரான்பேக் இருக்கிறது, காலனியப் படையின் பழைய வீரர் இல்லம், அங்கும் நிறைய உண்டு. பண்டா அச்சேக்கே போக முடிந்தால் போய்விடுங்கள். அந்த அருங்காட்சியக வளாகத்தில் ரூமோ அச்சே என்ற மரவீடு நிற்கிறது, அந்த வீட்டின் செதுக்கலைப் பார்த்த பிறகு பிடியின் செதுக்கல் வேறு மாதிரி புரியும். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அச்சேயின் சிறந்த வாள்களைப் பார்க்க அச்சே மாணவன் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது

விலை சொல்ல மாட்டேன், அது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுகிறது. மூன்று மாதம் எதையும் வாங்காமல், மேலே சொன்ன தளங்களின் படங்களை மட்டும் பார்த்து, அவற்றைத் தமிழில் உங்கள் வார்த்தையில் விவரித்து எழுதிப் பழகுங்கள். அதற்குப் பிறகு கடைக்காரர் சொல்லும் கதையை விட அவர் காட்டும் பொருள் உங்கள் கண்ணில் பெரிதாகத் தெரியும்.

எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைத் தேதியோடு எழுதுங்கள். "தெரியாது" என்ற பதிலும் பதிவுதான். ஒரு குடும்பம் தாத்தாவின் வாளைப் பணக்கஷ்டத்தில் விற்கிறது என்றால், நான் முதலில் அவர்கள் ஊர் அருங்காட்சியகத்தில் கேட்டீர்களா என்று கேட்பேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பண்டா அச்சேயில் வீடுகளோடு வீடாக எவ்வளவோ போய்விட்டது. மிஞ்சியது அங்கேயே இருக்கட்டும் என்பது என் ஆசை.

சட்டம் விளையாட்டல்ல. இந்தோனேசியாவின் 2010-ஆம் ஆண்டு பண்பாட்டு மரபுச் சட்டம் 50 வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களைப் பாதுகாக்கிறது, அப்படி மரபுப் பொருளாகக் கருதப்படுவதை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தந்தப் பிடி என்றால் எல்லை தாண்டுவது இன்னும் கடினம், இந்தியாவில் தந்த வியாபாரமே தடை. இந்தியாவின் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுள்ள வாள்கள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, உங்கள் மாவட்டத்தில் என்ன நடைமுறை என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். எந்த நாட்டிலானாலும் வாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடக்காதீர்கள், பெட்டியில் பூட்டி எடுத்துப் போங்கள்.

பராமரிப்பு

குறைவாகச் செய்வதுதான் வேலை. அலகை மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பரப்பி, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும். எலுமிச்சை, புளி, உப்புத்தாள், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். செம்மண் நிறத்தில் உயிரோடு இருக்கும் துருவை மட்டும் எண்ணெய் விட்டு ஊறவைத்து மெல்ல எடுக்கலாம், கறுப்பை விட்டுவிடுங்கள். கொம்புப் பிடியில் புதுப்பொடி கொட்டினால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், அந்த வாளை மற்றதிலிருந்து உடனே தனியாக வையுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் மர உறை தண்ணீரைக் குடிக்கும். மழைக்காலத்தில் வாளையும் உறையையும் தனித்தனியாக, ஒரே அலமாரியில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள்.

கடைசியாக அந்தத் தாள். அளவு, விவரம், எங்கே எப்போது யாரிடம் வாங்கியது, படங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன, எல்லாம் எழுதி இரண்டு படி எடுங்கள். ஒன்று வாளோடு, ஒன்று வேறு இடத்தில். மேலே இரண்டு விரல் அகலம் காலியாக விடுங்கள். பெயர் அங்கே வரும். என் மேஜையில் இருக்கும் அந்த 61.8 செ.மீ. வாளுக்கு இப்போது பென்சிலில் "சிகின் பாஞ்சாங், கவைப் பிடி, கரையோர அச்சே?" என்று இருக்கிறது. அந்தக் கேள்விக்குறியை இரண்டு வருடமாக நான் அழிக்கவில்லை.